குழாயடியில் பிறந்த ஆசைநாச்சி

ஆசைநாச்சியை நான் உண்டாக்கியது குழாயடியில். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஆவடியில் அந்தக் குவார்ட்டர்ஸ் பக்கம் போய், இந்தச் சாமி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சுயம்பு என்பார்கள். பூமியைப் பிளந்துகொண்டு தானாக எழுந்தாளாம். தானாக ஒன்றும் எழவில்லை. பதினைந்து வயதில், இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, வரிசை நகராத எரிச்சலில் நான் அவளைச் சொல்லிச் சொல்லி வரவழைத்தேன். பெற்றவள் பெயரை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் கொண்டாடுவது நம் ஊரில் புதிதும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் அப்பாவுக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்து நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். எங்கள் வரிசையில் யாருக்கும் யார் ஊரும் தெரியாது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்து வீடு கோயம்புத்தூர். எதிர் வீடு மதுரை. பின்னால் தஞ்சாவூரும் வட ஆற்காடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குலசாமி உண்டு, ஆனால் அதைக் கும்பிட ரயிலேறிப் போக வேண்டும். ஒருத்தர் குலசாமியை இன்னொருத்தர் கும்பிட முடியாது, அதற்குள் சாதி உட்கார்ந்திருக்கும். அரசாங்க நிலம் என்பதால் குவார்ட்டர்ஸுக்குள் கோயில் கட்டவும் விடமாட்டார்கள். ஆக, அத்தனை பெண்களும் கூப்பிடு தூரத்தில் ஒரு சாமி இல்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. நான் கதைதான் சொன்னேன்.

குழாயில் தண்ணீர் சாயங்காலம் கொஞ்ச நேரம் வரும், வந்தால். அதற்கு முன்னாலேயே குடங்களை வரிசை போட்டுவிட்டுக் காத்து நிற்க வேண்டும். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருந்தது. ராணுவ நிலத்தின் எல்லைக்கல். அதன் நெற்றியில் மேல்நோக்கி ஓர் அம்பு செதுக்கியிருக்கும். அந்த மாதிரிக் கல் ஆவடி முழுக்க இருந்தது. நாய்கள் காலைத் தூக்கும், நாங்கள் ஈரத்துணியைக் காயப்போடுவோம். ஒரு நாள் தண்ணீர் வரத் தாமதமானபோது, எதிர் வீட்டு மதுரை அக்கா, இந்த அம்பு எதுக்குடி என்று என்னிடம் கேட்டாள். சர்க்கார் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை நான். இது ஆசைநாச்சி எய்த அம்பு என்றேன். இந்தக் கல்லோடு நம்ம நாடு முடிகிறது, அந்தப் பக்கம் அவள் நாடு என்றேன்.

அந்த நாட்டை நாளுக்குக் கொஞ்சமாகக் கட்டினேன். அங்கே ஆறுகள் கடலிலிருந்து புறப்பட்டு மலைக்கு ஏறும். நிலா நடுப்பகலில் வரும். அது வந்துவிட்டால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். தொழிற்சாலைச் சங்கு கிடையாது. தண்ணீர் பிடிப்பது ஆண்கள். இதைச் சொன்னபோது குழாயடியே சிரித்தது. கோயம்புத்தூர்க்கார அம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆசைநாச்சி புளியங்கொழுந்து நிறம். தலையை முடிய மாட்டாள். பருத்திப்பட்டு ஏரியில் நான் அன்றாடம் பார்த்தது கொக்குதான், அதனால் அவளுக்கு வாகனமும் கொக்கு. புருஷன் கிடையாது, வேண்டும் என்று அவள் நினைத்ததும் கிடையாது. கையில் சூலமோ கத்தியோ இல்லை, ஒரு கண்ணாடி மட்டும். அதில் பார்த்தால் நம் முகம் தெரியாது, நாம் எதற்கு ஆசைப்பட்டோமோ அது தெரியும். அவளுக்கு நான் இரண்டு சட்டம் வைத்தேன். ஆசையை அவரவர் வாயால் கேட்க வேண்டும், ஒருத்திக்காக இன்னொருத்தி கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு கிடையாது.

பெண்கள் அந்தக் கல்லைப் பார்த்து விளையாட்டாகக் கேட்கத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர்க்கார அம்மாள் ஒரு நாள் முழுக்க யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும் என்றாள். தஞ்சாவூர்க்காரி, தன் மாமியாருக்கு வாய் கட்ட வேண்டும் என்று தொடங்கி, அது இன்னொருத்தர் சங்கதி, செல்லாது என்று நான் தடுத்ததும், தனக்குக் காது கேட்காமல் போகட்டும் என்று மாற்றிக்கொண்டாள். மதுரை அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்தில் நின்று, அப்புறம், அப்புறம் என்று கதையை இழுத்துக்கொண்டே இருப்பாள். நான் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவாள். அந்த நாட்டில் என்னைவிட அதிகம் நடமாடியது அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். குழந்தை இல்லை. புருஷன் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தான். கேண்டீன் ரம் யார் மூலமாவது கிடைத்த நாட்களில் அடிப்பான், கிடைக்காத நாட்களில் கிடைக்கவில்லையே என்று அடிப்பான். குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லியது, எல்லோருக்கும் கேட்கும். மறுநாள் குழாயடியில் யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் தண்ணீருக்குப் போனவளைக் காணோம் என்று அவனே குழாயடிக்கு வந்துவிட்டான். அக்கா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தலைமயிரைப் பிடிக்கக் கையை நீட்டினான். கொண்டை அவிழ்ந்தது. அவள் எழுந்து நின்றாள். உடம்பு ஆட ஆரம்பித்தது, கண் மேலே செருகியது. அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு குரலில், "யார் மேலடா கை வைக்கிற? நான் ஆசைநாச்சி வந்திருக்கேன்" என்றாள்.

அவன் அப்படியே தரையில் விழுந்தான். வேப்பம்பட்டிலிருந்து கீரைக்கூடையோடு ரயிலேறி வந்து எங்கள் வரிசையில் விற்கிற ஒரு அம்மாள் அங்கே இருந்தாள். அவள்தான் முதலில் கையைக் கூப்பி, "ஆத்தா எறங்கிகீறாம்மா" என்று கத்தியது. யார் வீட்டிலிருந்தோ மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை ஒருத்தி மனமுவந்து கல்லில் கொட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்ன கதை ஒருத்தியை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டது. அதற்குப் பிறகு செவ்வாய், வெள்ளியில் அக்காவுக்கு அடி விழவில்லை. மற்ற நாட்களிலும் குறைந்தது.

யாருடைய குலசாமியும் இல்லை என்பதாலேயே அவள் எல்லோருக்கும் சாமியானாள். ஊர் இல்லை, சாதி இல்லை, பூசாரிக்கு முறை இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒருவர் கல்லைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜீப்பில் வந்தார். திரும்பும்போது ஜீப் கிளம்பவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும். அடுத்த வாரம் அவர் மனைவி தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தாள். அதோடு தகரக் கொட்டகை வந்தது, ஆண்கள் சேர்ந்து கமிட்டி வைத்தார்கள், என் சாமி என் கையை விட்டுப் போனாள்.

முதலில் அவள் பெயரிலிருந்து ஆசையை எடுத்தார்கள். கமிட்டியில் ஒருவருக்கு அந்தச் சொல் கூச்சமாக இருந்ததாம். நாச்சியம்மன் என்று போர்டு வந்தது. அம்பு தெரியாமல் கல்லுக்குப் பித்தளை முகம் சாத்தினார்கள், அதில் தலையை வாரி முடிந்திருந்தது. கண்ணாடிக்குப் பதில் சூலம். கொக்கு சாமிக்கு வாகனமாகுமா என்று கேட்டுச் சிங்கம் ஆக்கினார்கள். கடைசியில் ஒரு பங்குனியில் திருக்கல்யாணம் நடத்தி, பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, அவளுக்குப் புருஷனையும் கொண்டுவந்துவிட்டார்கள். நானும் வரிசையில் நின்று அந்தக் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பாயசம் நன்றாகவே இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது சட்டத்தை மாற்றியதில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா மஞ்சள் சேலையில் கையில் வேப்பிலையோடு ஆடுவாள், பெண்கள் குறி கேட்பார்கள். யாரும் தனக்கென்று கேட்பதில்லை. பையனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, நாத்தனாருக்குப் பிள்ளை. அக்கா மெல்ல மெல்ல, ஆகாது, கூடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். நாக்கு இல்லாதவளுக்கு இவர்கள் எல்லோரும் சேர்ந்து நாக்கு வைத்துவிட்டார்கள். வீட்டில் நான் இதைச் சொன்னேன். இது நான் சொன்ன கதைதானே அம்மா, நீயும் குழாயடியில் நின்று கேட்டாயே என்றேன். அம்மா என் வாயில் ஒன்று போட்டாள். சாமி உன் வாயில் வந்து சொல்லியிருக்கிறாள், நீ என்ன உண்டாக்கியது என்றாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அம்பத்தூரில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். ஆவடியில் பாசஞ்சர் வண்டி ஏறுவேன். அதே வண்டியில் வேப்பம்பட்டிலிருந்து ஒருவன் வருவான். கீரைக்கார அம்மாளின் மகன். அவன் அப்பா கடைசி வரை பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர். இவன் ஐ.டி.ஐ. படித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பு கடைகிற டர்னராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குக் கூடை தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வருவான் என்பதால் முகம் தெரியும். அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கிப் படியேறுகிற நேரம் வரை பேசினோம். பிறகு படிக்குக் கீழேயே நின்று பேசினோம். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் விரல்களில் எண்ணெய்க் கறுப்பு போகாமல் இருக்கும், அதை மறைக்க என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டே நிற்பான். அந்தக் கூச்சத்துக்காகவே எங்கே கூப்பிட்டாலும் போயிருப்பேன்.

ஆசைநாச்சி கதையை முழுக்க நான் சொன்னது அவனிடம்தான். ஏறுகிற ஆறு, பகல் நிலா, கொக்கு, கண்ணாடி, இரண்டு சட்டம், எல்லாம். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ செஞ்ச சாமியா அது? எங்கம்மா வெள்ளிக்கெழமையானா கூடையக்கூட எறக்காம அங்கியே குந்திகினு கீது" என்றான். அடுத்த ஞாயிறு கூடையோடு வந்தவன் கொட்டகைக்கு எதிரில் நின்று வாயை அசைத்ததை எங்கள் வாசலிலிருந்து பார்த்தேன். என்ன கேட்டான் என்று பிறகு கேட்டேன். உன்னைத்தான் என்றான். சட்டப்படி அவன் வாயாலேயே கேட்டிருக்கிறான், அவளால் மறுக்க முடியாது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த ஒரு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

எழுபதுகள் தொடங்கியிருந்தன. அம்மா தன் அண்ணன் மகனுக்கு என்னைக் கொடுப்பது என்று பேச ஆரம்பித்தாள். அவர்கள் கோவில்பட்டியில் இருந்தார்கள். அப்பா இழுத்தடித்தார், பெண் வேலைக்குப் போகட்டுமே என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மதுரை அக்காவிடம் போனேன். சாமி ஆடாத நாட்களில் அவள் எனக்குப் பழைய அக்காதான், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருப்பாள். எல்லாவற்றையும் சொன்னேன். யார் மகன் என்று சொன்னபோது கீரை ஆய்ந்த கை நின்றது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் சாமிதானடி, அவ பாத்துக்குவா என்றாள்.

அம்மா என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை குறி கேட்கப் போகிறேன், நீயும் வா என்றாள். நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் ஆசையாகவே தலைவாரிக்கொண்டு கிளம்பினேன். சாதி வேறு, யார் வந்து பெண் கேட்டாலும் அவனுக்கு என்னைத் தரமாட்டார்கள். ஆனால் சாமி சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள், கமிட்டி பேசாது, அப்பாவும் பேச மாட்டார். அந்தச் சாமிக்குள் இருப்பது அக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்கு வேறு யாருக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் கிடைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு போனேன்.

கொட்டகையில் நல்ல கூட்டம். உடுக்கை அடித்தார்கள், அக்கா ஆடினாள். கீரைக்கார அம்மாள் தூணோரம் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் முறை வந்ததும் அம்மா முந்தானையை ஏந்தி, அண்ணன் மகனுக்குக் கொடுக்கலாமா தாயே, இவள் மனசில் வேறு நினைப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். நான் அம்மாவைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தேன்.

"எனக்காக யாரும் கேக்க வேண்டாம். நானே கேக்கறேன்" என்றேன். அவன் யார் மகன் என்பதைச் சொல்லி, அவனைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

உடுக்கை நின்றுவிட்டது. ஆசை என்ற சொல் அந்தக் கொட்டகையில் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். அம்மா என் புஜத்தைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அக்கா ஆடிக்கொண்டே என்னருகில் வந்து, திருநீற்றை அள்ளி என் நெற்றியில் அழுத்தித் தேய்த்தாள். அவள் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுடைய சொந்தக் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி, "அது நீ சொன்ன கதைடி. நான் சாமி" என்றாள்.

பிறகு நிமிர்ந்து சாமிக் குரலில் எல்லோருக்கும் சொன்னாள். கீரைக்காரி மகன் காலடி இவள் வாசலில் பட்டால் அவன் தலை தங்காது என்றாள்.

என் தலை என்று சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். எதைச் சொன்னால் எது நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தூணோரத்திலிருந்து கூடை உருண்டது. கீரைக்கட்டுகள் சிதற, அந்த அம்மாள் தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே புள்ள ஆத்தா. வுட்ரு ஆத்தா. நான் சொல்லிக்கிறேன் அவன்கிட்ட" என்று அழுதாள். அவளைத் தூக்க யாரும் போகவில்லை. நான் போனேன். என் கை பட்டதும் விலகிக்கொண்டாள், நான் தொட்டாலே தன் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல.

அன்றோடு டைப்ரைட்டிங் வகுப்பு நின்றது. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். தண்ணீர் பிடிக்க மட்டும், அதுவும் அம்மா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, போகலாம். மறுநாள் குழாயடியில் அக்கா நின்றிருந்தாள். மற்ற பெண்கள் என்னைவிட்டுத் தள்ளி நின்றார்கள். அவள் மட்டும் தன் குடத்தை எடுத்துவிட்டு என் குடத்தைக் குழாய்க்கு நேராக வைத்தாள். ஏன் அக்கா அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் மெதுவாகப் பேசினாள்.

"நான் சரின்னு சொல்லியிருந்தா நாளைக்கு ஒருத்தி என் முன்னாடி குனிவாளா? பெண்டு பிள்ளைகளைக் கெடுக்கிற சாமின்னு கமிட்டிக்காரனுக அந்தக் கல்லைப் பிடுங்கி எறிஞ்சிருப்பானுக. அப்புறம் என் வீட்டுக்காரன் கை சும்மா இருக்குமா? நீ அவன்கூடப் போயிருவ. நான் இங்கனதானடி கிடக்கணும்."

அவள் சொன்னதில் ஒரு பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் கதையில் அவளுக்கு ஒரு கூரை கிடைத்தது, நானும் அதற்குள் வந்தால் கூரை இடிந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்கு சரியாகவே இருந்தது. குடம் நிரம்பி வழிந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு நான் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

இருந்தாலும் எனக்கு அவன் இருந்தான். அந்தச் சாமி எங்கிருந்து வந்தாள் என்று தெரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். கமிட்டி பயப்படலாம், அவன் அம்மா பயப்படலாம், அவன் பயப்படக் காரணமே இல்லை. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில் நிச்சயமான கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பட்டணம் போன ஒரு சாயங்காலம், கட்டியிருந்த சேலையோடு ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவன் எந்த வண்டியில் திரும்புவான், எந்தப் பெட்டியில் நிற்பான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். இறங்கினான். வண்டி போய்விட்டது.

இப்படியே போகலாம் என்றேன். பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம், நானும் வேலைக்குப் போவேன், குமணன்சாவடிப் பக்கம் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அம்மா சோறு சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்றான். பட்டறையில் லேத்தில் நிற்கவே பயமாக இருக்கிறது என்றான். போன வாரம் கடைந்துகொண்டிருந்த இரும்புத் துண்டு பிடி விட்டுத் தெறித்து அவன் காதோரமாகப் போயிருக்கிறது. இதற்கு முன்னால் அப்படி ஆனதே இல்லையாம்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சிரிப்புக்கூட வந்தது. "அந்தச் சாமிய செஞ்சதே நான்தானே. உங்ககிட்ட சொன்னேனே. இல்லன்னு சொல்ல அவளுக்கு நாக்கே கிடையாதுன்னு சொன்னேனே" என்றேன்.

"தெரியும்" என்றான். "நீ செஞ்சதுதான். ஆனா இப்ப அது பேசுதே. இன்னா பண்ணச் சொல்ற?"

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. தப்பிக்கப் பார்க்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கட்டிக்கொடுத்த நாட்டில் என்னோடு ஒரு வருஷம் நடந்தவன், அங்கிருந்து வந்த சாமிக்குப் பயந்து ஆவடி பிளாட்பாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாராவது எதிரி வந்து பிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவனை என்ன செய்வது? அடுத்த வண்டி வந்தது. பத்திரமாக வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். அவனை நான் குற்றம் சொல்வதில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்கிறேனே தவிர, மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். கோவில்பட்டி, பிள்ளைகள், சர்க்கரை வியாதி. அதை எழுத ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியதைச் சொல்லிவிட்டால் போதும்.

அம்மாவும் அப்பாவும் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். கட்டிலில் கூறைப்புடவை பிரித்துக் கிடந்தது. எங்கே போயிருந்தாய் என்று அம்மா கேட்டாள். அழுது தீர்த்துவிட்டு வந்ததால் என் முகம் அமைதியாக இருந்திருக்கும். கோயிலுக்கு என்றேன். அம்மாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. பல நாள் கழித்து, எங்கள் ஊர்ப்பக்கம் பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, என்னை ஏளா என்று கூப்பிட்டாள். சாமி ஒரு நாளும் கைவிடாது என்றாள். பிறகு என் நெற்றியைப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை. துன்னூறு பூச மறந்துட்டியா என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், நாச்சியம்மன் கோயில் திருநீற்றை எடுத்துவந்து அவளே பூசிவிட்டாள். நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.